குழூஉக்குறியும் உரையும்

பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றனர்; யானைப்பாகர் ஆடையைக் காரை என்றனர். ஒரு கூட்டத்தார் ஏதேனும் ஒரு காரணம் பற்றிப் பொருளின் வழக்கமான பெயரை விலக்கி, வேறொரு சொல்லால் அதனைக் குறிப்பது குழூஉக்குறி என்று நன்னூலிற் படித்திருக்கின்றோம். ஆண்டுதோறும் மாணவர்க்குப் படிப்பித்தும் வருகின்றோம். மட்டக்களப்பு நாட்டார்க்கு இதனை விளக்கப் பொற்கொல்லர் தெருவுக்குப் போக வேண்டியதில்லை. களவெட்டியிலே சூடு மிதித்த காலத்தில், வீட்டில் வழங்கும் சொற்கள் பலவற்றைக் களத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, களத்துக்கென்றே அமைந்த சொற்களை நம் முன்னோர் வழங்கினர். தூற்றிக் குவித்த நெல் அங்கே நெல் அன்று, பொலி. அச்சொற்களை அறியாதவன் களத்தில் அயலானே ஆவான்.

இப்போது அதே வயல்களுக்குப் புதிய குழூஉக்குறி ஒன்று வந்திருக்கின்றது. வடிச்சல் வாய்க்கால் தூர்வாரவும், குளக்கட்டு உயர்த்தவும், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டவும் இன்று நாம் அழைப்பது, பெக்கோ என்று ஊரார் சொல்லும் மண் அகழும் இயந்திரத்தை. மண்வெட்டி பழுதுபட்டால் அதனைக் கண்ணே காணும். பிடி முறிந்ததா, வாய் மழுங்கியதா என்று சிறுவனும் சொல்லிவிடுவான். இவ்வியந்திரமோ பழுதுபட்டால், ஓட்டுபவன் முன்னுள்ள சிறு திரையில் சில எண்களைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றது. அவ்வெண்களே அதன் குழூஉக்குறி. அக்குறியை நம் இளைஞர் மனப்பாடம் செய்கின்றனர். அதற்கு உரை காண்பதில்லை. உரை காணும் வழியை நாம் அவர்க்குக் கற்பித்ததும் இல்லை. இதனால் விளையும் கேடு பெரிது என்பதும், அதனை நீக்கும் கடமையில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதுமே இக்கட்டுரையிற் சொல்லப் புகுந்தவை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்திலே, குருமண்வெளித் துறையில் பாதையேறி வாவியைக் கடந்து, மண்டூர்ப் பக்கத்தில் உறவினர் ஒருவரைக் காணச் சென்றேன். பெரும்போகத்துக்கு விதைத்த வயல்கள் முளைகொண்டு நின்றன. மழை தொடங்கிவிட்டது. வடிச்சல் வாய்க்கால் ஒன்றன் கரையிலே பெக்கோ இயந்திரம் ஒன்று, கையை மண்ணில் ஊன்றியபடி அசைவற்று நின்றது. அதன் நிழலில் இருந்த இளைஞன் என்னைக் கண்டதும் எழுந்தான். ஒரு காலத்தில் என்னிடம் இலக்கணம் படித்தவன்.

“மூன்று நாளாய் நிற்கிறது, சேர். கோட் ஒன்று விழுந்தது. கொம்பியூட்டர் கொண்டு வந்து பார்த்தவர் எண்ணெய் சென்சர் பழுது என்றார். புதிது வாங்கிப் போட்டோம். திரும்பவும் அதே கோட் வந்தது. இப்போது இயந்திரத்தின் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார். பல இலட்சம் ஆகுமாம்.”

“எண்ணெய் சென்சர் பழுது என்று திரையில் எழுதியிருந்ததா, தம்பி?”

“இல்லை, சேர். நூறு என்றும் நாலு என்றும் இருந்தது.”

வாய்க்காலின் மறு கரையிலே வயற்காரர் சிலர் குடை பிடித்து நின்றனர். இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தியவர்கள் அவர்கள். அவர்கள் நோக்கியது இயந்திரத்தை அன்று. முளைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த நீரை. 2011ஆம் ஆண்டு ஜனவரிப் பெருவெள்ளத்தைக் கண்டவர்களுக்கு நீரின் ஏற்றம் என்ன சொல்லும் என்று யான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் ஊரிலுள்ள வயரிங் தொழிலாளி ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் கையில் கொம்பியூட்டர் இல்லை. பாடநூல் பல்மானி என்று கூறும் மல்ரி மீற்றர் ஒன்றே இருந்தது. புதிய சென்சரின் பிளக்கைக் கழற்றினார், திரையைப் பார்த்தார், எண் மாறவில்லை. தலையசைத்துவிட்டு, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றிப் போனார். இரும்புப் பிடியொன்றின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து, கம்பியின் மேலுறை தேய்ந்து, செம்பு வெளிப்பட்டு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தேய்ந்த இடத்தை உறையிட்டு, கம்பியை அவ்விரும்பினின்று விலக்கிக் கட்டினார். இரண்டு மணி நேரத்துக்குள் இயந்திரம் வேலைசெய்தது. ஆனால் அதற்குள் தாழ்ந்த வயல்கள் சிலவற்றில் முளை அழுகிவிட்டது. மறுபடி விதைக்க விதைநெல் வாங்கியவர்கள் உண்டு.

அந்த இரு மனிதரையும் பற்றி யான் பல நாள் சிந்தித்தேன். முதலாமவர் குறியை அறிந்தவர். இரண்டாமவர் குறிக்கு உரை அறிந்தவர். அவ்வுரை யாது என்று அறியும் ஆவலால், விஞ்ஞான ஆசிரியரான நண்பரைத் துணைக்கொண்டு சிறிது கற்றேன். கற்றவற்றுள் அன்பர்க்குப் பயன்படுவனவற்றை ஈண்டுச் சொல்கின்றேன்.

கனரக இயந்திரங்கள் பலவும் தம் பழுதைச் சொல்வதற்குப் பொதுநெறியொன்றைக் கைக்கொள்கின்றன. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தார் வகுத்த அந்நெறிக்கு ஜே 1939 என்று பெயர். அந்நெறியில் ஒரு பழுதுச்செய்தி முப்பத்திரண்டு துணுக்குகளால் ஆயது. ஒவ்வொரு துணுக்கும் ஒன்று அல்லது சுழி. அவற்றுள் 19 துணுக்குகள், எதனைப் பற்றிய செய்தி என்று கூறும். 5 துணுக்குகள், அதற்கு என்ன நேர்ந்தது என்று கூறும். 7 துணுக்குகள், எத்தனை முறை நேர்ந்தது என்று கூறும். எஞ்சிய ஒன்று, எண்ணை எழுதிய முறையைக் காட்டும். முன்னதைப் பொருளெண் என்றும், அடுத்ததைப் பழுதெண் என்றும் கூறிக்கொள்வோம். தமிழாசிரியர்க்கு இது விளங்காத செய்தியன்று. பொருளெண் எழுவாய், பழுதெண் பயனிலை. எழுவாய் மட்டும் கேட்டு எழுந்து போகிறவன் வாக்கியத்தை அறிந்தவன் ஆகான். நம் மெக்கானிக்குகளிற் பலர் செய்வது அதுவே.

பொருளெண் 100 என்பது எஞ்சினின் எண்ணெய் அழுத்தம். எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் சென்சர் என்பது அதன் பொருள் அன்று. அளக்கப்படும் அழுத்தம் என்பதே பொருள். அதனோடு பழுதெண் 1 சேர்ந்து வந்தால், அளவு நம்பத்தக்கது, அழுத்தம் மிகத் தாழ்ந்துவிட்டது என்று பொருள். எஞ்சினை அக்கணமே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிடின் எஞ்சினே அழியும். பழுதெண் 4 சேர்ந்து வந்தால், வோல்ற்றளவு இருக்கவேண்டியதினும் தாழ்ந்துள்ளது, அல்லது கம்பி தாழ்ந்த பக்கத்தைத் தொட்டுக் குறுஞ்சுற்று ஆகியுள்ளது என்று பொருள். பழுதெண் 3 அதற்கு மறுதலை. வோல்ற்றளவு உயர்ந்துள்ளது என்பது. பழுதெண் 5 என்பது மின்னோட்டம் குறைந்தது அல்லது சுற்று அறுந்தது என்பது. பழுதெண் ஐந்து துணுக்குகளால் ஆகலின் 0 முதல் 31 வரை முப்பத்திரண்டே உள. நிகண்டுகளை நெட்டுருப் பண்ணிய மரபினர்க்கு முப்பத்திரண்டு ஒரு சுமையா?

1 என்பதற்கும் 4 என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தூதன் ஒருவனை வைத்து விளக்கலாம். தூதன் வந்து, நாட்டுக்குப் பகை வந்தது என்றால், அது 1. செய்தி தீயது, தூதன் நல்லவன். தூதன் வந்து நின்று வாய் திறவாது விழித்தால், அது 4 அல்லது 3. செய்தி யாதென்றே தெரியவில்லை, தூதனின் நாவோ அவன் வந்த வழியோ பழுதுபட்டது. முதலாவதை இரண்டாவதாகக் கொண்டு, சென்சர்தான் பழுது என்று இயந்திரத்தை ஓட்டுபவன் எஞ்சினை இழப்பான். இரண்டாவதை முதலாவதாகக் கொண்டு எஞ்சினைப் பிரிப்பவன் காசை இழப்பான். எழுவாய் ஒன்றே, பயனிலை மாறினால் விதியே மாறுகின்றது.

இனி, 100, 4 என்று வந்துவிட்டது, குற்றவாளி யார்? அழுத்தத்தை அளக்கும் சென்சருக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள். ஒன்று ஐந்து வோல்ற் கொண்டு வருவது, ஒன்று எர்த், மற்றொன்று அளவைக் கொண்டு போவது. அழுத்தம் சுழியாக இருக்கும்போது ஏறக்குறைய அரை வோல்ற்றும், முழுமையாக இருக்கும்போது ஏறக்குறைய நாலரை வோல்ற்றும் அவ்வளவுக் கம்பியில் நிற்கும். நல்ல சென்சர் சுழியை ஒருபோதும் சொல்லாது. ஆதலால் சுழி வந்தால் அது அழுத்தத்தின் சொல் அன்று, பழுதின் சொல் என்று இயந்திரத்தின் கணினி அறிந்துகொள்கின்றது. மிக நுட்பமான ஏற்பாடு! ஆனால் அச்சுழி எங்கே பிறந்தது என்பதை அக்கணினி அறியாது. சென்சருக்குள்ளே பிறந்திருக்கலாம், கம்பி இரும்பைத் தொட்ட இடத்திற் பிறந்திருக்கலாம், பச்சை பூத்த பிளக்கிற் பிறந்திருக்கலாம், ஐந்து வோல்ற் வராமையாற் பிறந்திருக்கலாம், மிக அரிதாகக் கணினிப் பெட்டிக்குள்ளேயே பிறந்திருக்கலாம். ஐவர் நிற்க, ஒருவனைப் பிடித்துத் தண்டித்ததே மண்டூர்ப் பக்கத்து வாய்க்காற்கரையில் நடந்தது.

வயரிங் தொழிலாளி செய்தது யாது? அவ்வியந்திரத்தின் அமைப்புப்படி, சென்சரைக் கழற்றியதும் அளவுக் கம்பி உயர்ந்த வோல்ற்றுக்குச் சென்று, பழுதெண் 4 என்பது 3 ஆக மாறியிருக்க வேண்டும். மாறியிருந்தால் கம்பியும் கணினியும் நல்லன, சென்சரே குற்றவாளி. மாறவில்லை, ஆகவே சென்சர் அங்கே இல்லாதபோதும் குற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது, ஆகவே சென்சர் குற்றமற்றது. இஃது இயந்திரக் கல்வி மட்டும் அன்று. அளவை நூலார் கூறும் அனுமானம். ஒரு பொருள் இல்லாதவிடத்தும் விளைவு இருப்பின், அப்பொருள் அவ்விளைவுக்குக் காரணம் ஆகாது. புதிய சென்சர் வாங்குமுன் இச்சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதற்குச் செலவும் இல்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை நாம் மாணவர்க்கு நடத்துகின்றோம். நோயை இன்னதென்று தெளிந்து, பின் அது தோன்றிய காரணத்தைத் தெளிந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேர்ந்து செயற்படுக என்ற முறைவைப்பை மனனம் செய்விக்கின்றோம். பரீட்சையில் எழுதியவனுக்குப் புள்ளியும் இடுகின்றோம். அதே மாணவன் பின்னாளில் இயந்திரத்தின் முன் நிற்கையில், நோய்க்குப் பெயரிட்டவுடனே மருந்துக்கு ஓடுகின்றான். நடுவில் உள்ள படியை அவன் தாண்டிவிடுகின்றான். குறளை அவன் மறந்தான் என்று சொல்ல மாட்டேன். குறள் இயந்திரத்துக்கும் ஆகும் என்று நாம் அவனுக்குச் சொல்லவில்லை.

இதற்கு வேண்டிய விஞ்ஞானம் அரியதன்று. அது நம் பாடசாலைகளிலே தமிழில் முன்னரே கற்பிக்கப்படுகின்றது. ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். இயந்திரத்தின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது முறுக்கிய இரு கம்பிகளின் வழியே. ஜெர்மானியரான பொஷ் நிறுவனத்தார் 1986இல் உலகுக்கு அறிவித்த முறை அது. அவ்விரு கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இணைக்கப்பட்டிருக்கும். மின்னை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கும் நடுவே பல்மானியை வைத்தால் எத்தனை ஓம் காட்டும்? சமாந்தரமாக உள்ள இரு சம தடைகள் பாதியாகும் என்பதைப் பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவன் அறிவான், ஆதலால் 60. 120 காட்டினால் ஒரு முனைத் தடை விட்டுப்போயிற்று, அல்லது வழியில் கம்பி அறுந்தது. சுழியை ஒட்டிக் காட்டினால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. ஒரே கணக்கு; மூன்று விடை; மூன்று பழுது. பரீட்சைத் தாளில் இக்கணக்கைச் செய்து சித்தியடைந்தவன், இயந்திரத்தின் முன் கைகட்டி நின்று, கொழும்பிலிருந்து ஆள் வரட்டும் என்கின்றான். கல்வி வீட்டிலே இருக்கின்றது. வேலை வெளியிலே நிற்கின்றது. இரண்டுக்கும் நடுவே கதவு இல்லை.

நம் ஊர்க்கென்றே சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. களுவாஞ்சிக்குடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நிலம். உப்புக்காற்று இங்கே செம்பைப் பச்சையாக்கும், இரும்பைச் செந்தூளாக்கும். இவ்வியந்திரங்கள் பன்னிரண்டு வோல்ற் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்து இருபத்துநான்கு வோல்ற்றில் இயங்குவன. எர்த் கம்பி இறுகப் பூட்டிய இடத்தில் உப்புப் படிந்தால், ஒரு பழுது பத்துப் பழுதாகத் திரையில் தோன்றும். பத்து எண்களைக் கண்டு பத்து உறுப்புகளை ஐயுறுவது பேதைமை. பத்துக்கும் பொதுவானது எது என்று தேடுவதே அறிவு. அவ்வாறு தேடும்போதும், இழைகள் பலவும் அறுந்து ஓரிழையே எஞ்சிய கம்பி பல்மானியில் நல்ல கம்பியாகவே தோன்றும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். சுமை ஏறும்போதே அதன் பொய் வெளிப்படும். ஆகவே இயந்திரம் வேலை செய்யும் பொழுதில் கம்பியின் இரு முனைக்கும் இடையே இழக்கப்படும் வோல்ற்றை அளக்க வேண்டும். நட்பையும் அவ்வாறே அளக்க வேண்டும் என்று நம் அறநூல்கள் சொல்லவில்லையா?

இனி, யான் எதிர்பார்க்கும் மறுப்புகளுக்கு வருகின்றேன்.

இயந்திரம் பிறநாட்டது, அதன் நூல் ஆங்கிலத்தில் உள்ளது, பையன்கள் ஆங்கிலம் கற்கட்டும், நடுவே தமிழ் எதற்கு என்பர் ஒருசாரார். ஆங்கிலம் கற்கட்டும், யான் தடுப்பவன் அல்லன். ஆனால் நூறு என்பதும் நாலு என்பதும் எந்த மொழி? அவை எண்கள். வாய்க்காற்கரையில் நின்றவனுக்குக் குறைந்தது ஆங்கிலம் அன்று. கோட் என்றான், சென்சர் என்றான், கொம்பியூட்டர் என்றான். சொல்லுக்கு அவனிடம் பஞ்சம் இல்லை. ஆகையால், ஆனால், எனின், அன்றேல் என்று கோத்து நினைக்கும் நினைப்பே குறைந்தது. அந்நினைப்பு ஒருவனுக்குத் தாய்மொழியிலேதான் முதலில் அமையும்.

வேறு சிலர், குறிகளின் திறவுகோலை இயந்திரம் செய்தவர்களே பூட்டிவைத்திருக்கின்றார்கள், நாம் என்செய்வது என்பர். இஃது உண்மை கலந்த மறுப்பு. அமெரிக்க உழவரே இதனை எதிர்த்து வழக்காடுகின்றனர். ஜோன் டியர் நிறுவனம் 2023 ஜனவரியில் அமெரிக்க உழவர் கூட்டமைப்போடு உடன்படிக்கை செய்து, பழுது காணும் கருவிகளை உழவர்க்கும் தருவதாக ஒப்பியது. அதன் பின்னும் 2025 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையத்தார் அந்நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். பெரிய நாட்டுப் பெரிய உழவர்க்கே இந்நிலை. ஆயினும் பூட்டியிருப்பது எல்லாம் அன்று. பொதுநெறி எண்கள் வெளிப்படையானவை. கம்பி வெளிப்படையானது. பல்மானி சந்தையில் விற்கின்றது. பெயர்கள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறினும் பொருள் மாறுவதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்ப அளவு உயர்ந்த வோல்ற்றைக் காட்டினால், பொதுநெறியில் அது 110, 3. கமின்ஸ் எஞ்சினில் 144. கொமட்சு இயந்திரத்தில் சீ.ஏ. 144. ஒருபொருட் பன்மொழி! இதனையும் நாம் அறியோமா?

பண்டிதனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்பர் மூன்றாம் சாரார். இவர்களுக்கு விடையாக நம் கரையிலேயே பிறந்த ஒருவரைக் காட்டுகின்றேன். காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் ஆனார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி ஆனார். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1947இல் அவர் தந்த யாழ்நூலில், பழம் பாட்டுக்கு உரை காணக் கணிதத்தையும் நரம்பின் அளவையும் கருவியாகக் கொண்டார். அவர்க்கு முன்னரே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் ஐரோப்பிய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். உடலின் உறுப்புகளைத் தமிழில் அறுத்துக் காட்ட முடிந்த மொழிக்கு, உராய்ந்த கம்பி ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாதா?

ஆயினும் நம் குற்றத்தையும் மறையாது கூறவேண்டும். தமிழாசிரியராகிய நாம் இத்துறையில் இறங்கும்போதெல்லாம் சொல் ஆக்குவதிலேயே நின்றுவிடுகின்றோம். சென்சருக்கு உணரி என்பதா, உணர்வி என்பதா என்று மாலை முழுவதும் வாதிடுகின்றோம். சென்சர் எவ்வாறு பொய் சொல்லும் என்று ஒருவரும் கேட்பதில்லை. தடை, மின்னோட்டம், வோல்ற்றளவு, சமாந்தரம், குறுஞ்சுற்று என்ற சொற்கள் பாடநூலில் வேரூன்றிவிட்டன, அவற்றை வழங்குவோம். சென்சர், பிளக், எர்த் என்பன தொழிலாளியின் நாவில் வேரூன்றிவிட்டன. அவற்றையும் அப்படியே வழங்குவோம். களவெட்டிச் சொல்லைப் புலவர் வகுக்கவில்லை; களத்தில் நின்றவர் வகுத்தனர். இயந்திரக் களத்துச் சொல்லையும் அங்கே நிற்பவர் வகுக்கட்டும். நம் வேலை சொல்லுக்கு அப்பால் உள்ளது. சூத்திரத்துக்குக் காண்டிகையுரை எழுதும் பயிற்சி நமக்கு உண்டு. பதம் பிரித்து, பொருள் கூறி, எடுத்துக்காட்டுத் தந்து, ஐயம் எழுப்பி விடை சொல்லும் முறையை நாம் அறிவோம். அம்முறை அப்படியே இங்கும் வேண்டப்படுகின்றது.

ஆகவே யான் வேண்டுவது சிறிது. இரண்டு தாள் அளவில் ஒரு கையேடு எழுதுவோம். முதல் தாளில் முப்பத்திரண்டு பழுதெண்களும், ஒவ்வொன்றுக்கும் ஒருவரித் தமிழ்ப்பொருளும் இருக்கட்டும். இரண்டாம் தாளில் வினாக்கள் முறையாக நிற்கட்டும். திரையில் வந்த பொருளெண் எது, பழுதெண் எது? இப்பழுது இப்போது நிகழ்கின்றதா, முன் நிகழ்ந்து மறைந்ததா? செய்தி தீயதா, தூதன் ஊமையா? ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் வந்திருப்பின் அவற்றுக்குப் பொதுவான பற்றரியோ எர்த்தோ ஐந்து வோல்ற்றோ உண்டா? பிளக்கைக் கழற்றினால் எண் மாறுகின்றதா? கம்பியைக் கண்ணாற் பார்த்தோமா, சுமையில் அளந்தோமா? இவ்வாறும் கேட்டு விடை கண்ட பின்னரே, புதிய உறுப்பு வாங்குவதா என்ற வினா எழ வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் உண்மையைச் சரிபார்க்கட்டும். தமிழாசிரியர் வாக்கியத்தைத் தெளிவாக்கட்டும். அந்த வயரிங் தொழிலாளியைப் போன்றவர் ஒருவர் இருவருக்கும் நடுவே அமர்ந்து, இது நடக்கும், இது நடவாது என்று திருத்தட்டும். மூவருள் முதல் இருக்கை அவருக்கே உரியது. க.பொ.த. உயர்தரத்தில் 2013ஆம் ஆண்டு முதல் தொழில்நுட்பப் பிரிவு நடைபெறுகின்றது. அம்மாணவர்க்கு ஒரு பிற்பகல் போதும். பழைய பற்றரி ஒன்றும், இரண்டு தடைகளும், ஒரு பல்மானியும் போதும்.

இதனால் வரும் நன்மை இயந்திரக்காரர்க்கு மட்டும் உரியதன்று. உறுப்பு மாற்றியும் இயந்திரம் எழாத ஒவ்வொரு நாளின் செலவும், கடைசியில் வயற்காரன் தலையிலும் வீடு கட்டுபவன் தலையிலும் விழுகின்றது. நம் இளைஞர் பலர் கடல் கடந்து வளைகுடா நாடுகளிற் கூலிக்கு இயந்திரம் ஓட்டுகின்றனர். ஓட்டுபவனின் கூலி வேறு. பழுது காண்பவனின் கூலி வேறு. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சூழ்ச்சியோ மந்திரமோ அன்று. வாக்கியத்தை முழுவதும் படிக்கும் பழக்கம்.

அந்த மாணவனைப் பின்னொரு நாள் பட்டிருப்புச் சந்தியிற் கண்டேன். மல்ரி மீற்றர் ஒன்று வாங்கிவிட்டதாகச் சொன்னான். வகுப்பில் எழுவாய் பயனிலை நடத்தியபோது, இது எதற்குப் பயன்படும் என்று தான் கேட்டதையும், அதற்கு யான் சினந்ததையும் நினைவூட்டிச் சிரித்தான். அன்று அவன் கேட்டது நல்ல கேள்வி. அன்று என்னிடம் விடை இல்லை, அதனாலேயே சினந்தேன். இன்று விடை இருக்கின்றது. களத்துச் சொல் அறியாதவன் களத்தில் அயலான் என்று தொடக்கத்திற் சொன்னேன். தன் தகப்பன் விதைத்த வயலின் கரையிலே, தன் கையால் ஓட்டும் இயந்திரத்தின் முன்னே, நம் பிள்ளை அயலானாய் நிற்றல் ஆகாது.